அம்மா தட்டு

ஜனவரி 8

அன்புள்ள சந்தேகம்,

இங்கே அண்ணியும் நானும் சௌக்கியம். அண்ணிக்கு முழங்கால் வலி மட்டும் இருக்கிறது. அதுவும் மாடிப்படியில்தான், துணிக்கடையில் இல்லை. நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? மழைக்காலத்திலிருந்து உன் போன் மணி அடிக்கிறது, எடுப்பாரில்லை. பிறகு, 'வகுப்பில் இருந்தேன், கடிதம் போடு' என்று ஒரு வரி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை எந்தக் கல்லூரியில் புள்ளியியல் வகுப்பு நடக்கிறது என்று அண்ணி கேட்கிறாள். சரி, கடிதமே போடுகிறேன்.

செய்தி இதுதான். என் எலிவால் தொலைக்காட்சிக்குப் போகிறாள். ஒரு குழந்தைகள் சேனல் அவளை அனிமேஷன் தொடராக எடுக்கிறது. இருபது வருஷமாக நாளிதழின் கடைசிப் பக்கத்தில், நாலு கட்டத்துக்குள் நின்ற இடத்திலேயே நின்றவள் இனி ஓடப்போகிறாள். அவள் தம்பி கொசுவும் கூடவே ஓடுவான்.

டைரக்டர் சின்னப் பெண். எலிவாலைப் படித்து வளர்ந்தவளாம். முதல் நாளே என்னைக் கவிழ்த்துவிட்டாள். "சார், எலிவாலோட முதுகு எப்படி இருக்கும்? பின்னல் எங்கேர்ந்து ஆரம்பிக்குது?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தால் நான் அவள் முதுகை வரைந்ததே இல்லை. உன்னைப் பார்த்துத்தானே அவளை வரைந்தேன், உன்னையே கேட்கிறேன். உன் பின்னல் எங்கிருந்து ஆரம்பித்தது?

அடுத்த கேள்விதான் பெரியது. எலிவாலின் அம்மாவை நான் ஒருநாளும் காட்டியதில்லை. கட்டத்துக்கு வெளியிலிருந்து அவள் பேச்சு மட்டும் பலூனுக்குள் வந்து விழும். அச்சில் அது போதும். டிவியில் அந்தப் பேச்சுக்கு ஒரு குரல் வேண்டும். அது எப்படிப்பட்ட குரல் என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

அம்மாவிடம் செய்தியைச் சொல். என்னோடு பேச வேண்டாம். கேட்டுக்கொண்டால் போதும்.

அண்ணியின் விசாரிப்புகளுடன்,
உன் அண்ணன்
கட்டம் போடுறவன்


ஜனவரி 27

அன்புள்ள அண்ணா,

நான் நலம். அண்ணிக்கு வலி தேவலையா? துணிக்கடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால் புள்ளிவிவரம் தெளிவாகும் என்று சொல்.

போனில் என் குரல் வகுப்பெடுக்கும் குரலாகிவிடுகிறது. கடிதத்தில் யோசித்து எழுத முடிகிறது. அதனால்தான்.

என் பின்னல் இடது காதுக்குச் சற்றுப் பின்னால் ஆரம்பித்தது. நடுவில் இல்லை. அம்மா ஒரு கண்ணை அடுப்பில் வைத்துக்கொண்டே பின்னுவாள். அடுப்பு இடது பக்கம் இருந்தது. என் முடியின் கனத்தை ஊருக்கே அறிவித்துவிட்ட பிறகு அதன் ஆரம்பத்தையும் அறிவிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

தொடரைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது, சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கதையின் முடிவிலும் எலிவால் பல் தேய்ப்பதன் நன்மைகளைச் சொல்லுவாள். பிறகு பென்சில் பெட்டியின் மேல் வருவாள். நின்ற இடத்தில் நின்று சிரிக்கவைத்தவள் ஓடினால் கூடுதலாகச் சிரிக்கவைப்பாள் என்பதற்கு ஆதாரம் என்ன?

அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அதனால் இளகிவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. 'சாப்பாட்டு வாசனைக்கு வருவான், சாமான் தூக்கணும்னா காணாமப் போவான்' என்று மாமாவைப் பற்றி அவள் அடுக்களையில் சொன்னதை நீ அப்படியே எலிவாலின் அம்மாவுக்குக் கொடுத்தாய். மாமா நாளிதழிலிருந்து அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனவர்தான், இன்றுவரை படியேறவில்லை. 'என் வாயை ஊருக்கே காட்டிட்டான்' என்றாள் அம்மா. அன்றிலிருந்து உன்னோடு பேசுவதில்லை. இப்போதும் பேசுவதில்லை.

குளிரில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வரையாதே.

அன்புடன்,
சந்தேகம்


பிப்ரவரி 9

அன்புள்ள சந்தேகம்,

இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

இடது காது என்றதும் ஸ்டூடியோவில் ஒரே கொண்டாட்டம். இப்போது எலிவால் திரும்பினால் பின்னல் ஒரு வினாடி தாமதமாகத் திரும்புகிறது. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது. நீ பார்த்தால், பின்னலின் எடைக்கு இது பொருந்தாது என்பாய்.

அம்மா விஷயம்தான் இழுபறி. நேற்று முழுக்கக் குரல் தேர்வு. ஒருத்தி குரல் தேனில் ஊறவைத்தது. "கண்ணா, சாப்பிட வாடா செல்லம்" என்கிறாள். நம் அம்மா என்னைக் கண்ணா என்றது ஒரே ஒரு முறை, நான் பல்லை உடைத்துக்கொண்டு வந்தபோது. இன்னொருத்தி 'கதவைச் சாத்து' என்பதைக்கூட அழுதுகொண்டே சொல்கிறாள். சேனல்காரர்கள் ஒரு படி மேலே போய், "அம்மான்னா சிரிச்ச முகம் ஒண்ணு வேணும் சார், முகத்தைக் காட்டிடலாம்" என்கிறார்கள். டைரக்டர் என் பக்கம். ஆனாலும் மே மாதத்துக்குள் நான் வேறு குரல் கொண்டுவராவிட்டால் முகமும் தேனும் உறுதியாகிவிடும். அப்படியானால் அது எலிவால் வீடே இல்லை. யார் வீட்டுக்கோ கூட்டிக்கொண்டு போய் அவளை விட்டுவிட்டு வந்த மாதிரி.

நீ போன் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் அம்மா உள்ளேயிருந்து கத்துவாளே, எனக்குக் கேட்க வேண்டும் என்றே. "யாரு, கட்டம் போடுறவனா? சாப்பிட்டானான்னு கேளு. நான் கேட்டதாச் சொல்லாதே." அந்தக் குரல்தான் வேண்டும். அவளுக்குத் தெரியாமல் உன் போனில் கொஞ்சம் பதிவு செய்து அனுப்பேன்.

இன்னொன்று. என் பாதிக் கட்டங்கள் அந்தக் கத்தலில் இருந்துதான் வந்தன. அது நின்றதிலிருந்து பழைய திட்டுகளையே திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். 'எலிவாலின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?' என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருக்கிறார்.

பதிலை உடனே போடு.

உன் அண்ணன்


மார்ச் 18

அன்புள்ள அண்ணா,

நான் நலம். பதில் தாமதமாகிவிட்டது. விடைத்தாள்கள்.

நீ கேட்டதை நான் செய்யப்போவதில்லை. ஒருவருக்குத் தெரியாமல் அவர் குரலை ஒருமுறை எடுத்ததன் பலனை இந்த வீட்டில் எல்லோரும் அனுபவித்துக்கொண்டிருக்கிறோம். அதோடு, பதிவு செய்வதற்கு இங்கே எதுவும் இல்லை. அம்மா பேசுவதில்லை என்றால் பேசுவதில்லைதான். அதை நீ வளைத்து வளைத்துக் கேட்டாலும் என் பதில் மாறாது.

பல்வலி உள்ள நடிகை யாராவது இருந்தால் கூப்பிட்டுப் பார். கிட்டத்தட்ட வரும்.

உன் வாசகர்கள் எலிவாலின் அம்மாவைப் பற்றிக் கவலைப்படுவதைவிடத் தங்கள் அம்மாக்களைப் பற்றிக் கவலைப்படலாம்.

வீடு அமைதியாக இருக்கிறது. அமைதி எனக்குப் பிடிக்கும் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணிக்கு என் அன்பு.

சந்தேகம்


மார்ச் 30

அன்புள்ள சந்தேகம்,

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உங்களுக்கு?

இதைச் சும்மா எழுதவில்லை. உன் இரண்டு கடிதங்களையும் அண்ணி மேசையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தாள். "உங்க தங்கச்சி 'நான் நலம்'னுதான் எழுதியிருக்கா. 'நாங்க நலம்'னு ஒரு இடத்துலயும் இல்ல. அவ ஒரு வார்த்தையைத் தெரியாம விடுற ஆளா?" என்றாள். நான் கிளம்பி வந்தால் அம்மா போன தடவை மாதிரியே அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள்; கதவைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். அதனால் கேட்கிறேன். என்ன நடக்கிறது?

நீ சொல்ல மாட்டாய் என்றும் தெரியும். ஆகையால் இதற்குள் அம்மாவுக்கு ஒரு தாள் வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை, நீ படிக்கலாம். இதுதான் அதில் இருக்கிறது:

'அம்மா, எலிவாலோட அம்மாவுக்கு ஒரு குரல் வேணும். உன் குரல். இந்தத் தடவை கேட்டுட்டு எடுக்கிறேன். நீ என்கூடப் பேச வேண்டாம். மைக் கூடப் பேசு, போதும். முடியாதுன்னா முடியாதுன்னு உன் கையால எழுதிடு. தேன் குரலை வெச்சு, முகத்தையும் போட்டு எடுக்கட்டும். நான் தலையாட்டிட்டு வந்துடுறேன்.'

கொடுத்துவிடு. ஒளித்து வைக்காதே.

உன் அண்ணன்


ஏப்ரல் 9

கட்டம் போடுறவனுக்கு,

உன் தாள் கிடைச்சது. நான் உன்கூடப் பேசுறதில்ல. இப்பவும் பேசல. எழுதுறேன்.

குரல் கேட்டிருக்கே. இருந்தா, குடுக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சிருப்பேன். இல்ல. போன மழைக்காலத்துல தொண்டையில கட்டின்னாங்க. குரல்வளையோட சேத்து எடுத்துட்டாங்க. கட்டியும் போச்சு, குரலும் போச்சு. கழுத்துல ஒரு ஓட்டை இருக்கு, அது வழியா மூச்சு விடுறேன். மெல்லிசா ஒரு துணி கட்டிக்கிறேன். பயப்படாதே. அப்புறம் ரெண்டு தடவை போய்க் காட்டியாச்சு. சுத்தமா இருக்குன்னுட்டார் டாக்டர். நல்லாச் சாப்பிடுறேன், தூங்குறேன்.

உனக்குச் சொல்லக் கூடாதுன்னு சொன்னது நான். உன் தங்கச்சியைத் திட்டாதே. அவளுக்குப் பொய் சொல்ல வராது, அதான் போனையே எடுக்காம இருந்தா. ஏன் சொல்லக் கூடாதுன்னு கேப்பே. தெரிஞ்சா ரெண்டுல ஒண்ணு பண்ணுவே. வந்து மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காருவே. இல்லேன்னா இதையும் நாலு கட்டமாப் போட்டுடுவே.

இங்கே பேச்சு ஒண்ணும் நிக்கல. தட்டை எடுத்துக் கரண்டியால ஒரு தட்டு தட்டினா உன் தங்கச்சி எழுந்து ஓடி வர்றா. நான் வாயால கூப்பிட்ட காலத்துல அவ இப்படி ஒரு நாள் வந்ததில்ல. கோபம், சாப்பாடு, கதவு எல்லாத்துக்கும் தனித்தனியாத் தட்டு இருக்கு. திட்டக்கூட முடியுது.

அந்தத் தேன் குரல்காரியை வெக்காதே. எலிவால் ஒரே வாரத்துல கெட்டுப் போயிடுவா. நான் அதெல்லாம் படிக்கிறதில்ல. பேப்பர் மேசையில கிடந்தா கண்ணுல படும்.

மருமகளை மாடிப்படி ஏற விடாதே. நீ ஏறி இறங்கு.

இதை எழுதினேன்னு உன் தங்கச்சிக்குத் தெரிய வேணாம். கீழ்வீட்டு ஆள் மேல வர்றப்பக் குடுத்துத் தபால்ல போடச் சொல்றேன்.

அம்மா


ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நலம். இதை அண்ணியிடம் காட்டு.

உன் தாளை அம்மாவிடம் கொடுத்தேன். படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மடித்து மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டாள். நான் பார்த்தவரை அவ்வளவுதான். அவளிடமிருந்து பதில் எதிர்பார்க்காதே. எனக்குத் தெரிந்து அவள் பேனாவைத் தொட்டே ரொம்ப நாளாகிறது.

தேன் குரலுக்குத் தலையாட்ட வேண்டுமானால் ஆட்டிவிடு. கொஞ்ச நாளில் பழகிவிடும். எதுவும் பழகிவிடுகிறது.

அன்புடன்,
சந்தேகம்


ஏப்ரல் 21

அன்புள்ள சந்தேகம்,

உன் கடிதமும் அம்மாவின் கடிதமும் ஒரே தபாலில் வந்தன. உன் 'நாங்கள் நலம்' அடியில் இருந்தது.

அம்மா கையெழுத்தைப் பார்த்ததும் அண்ணிதான் முதலில் பிரித்தாள். படித்து முடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, அடுப்பை அணைக்கப் போனாள். அடுப்பு எரியவே இல்லை.

உன்னைத் திட்டக் கூடாது என்று உத்தரவு. திட்டவில்லை. 'அம்மா பேசுவதில்லை' என்று நீ எழுதியது பொய்யும் இல்லை. நான் அதை ஒரு விதமாகவே படித்துப் பழகிவிட்டேன். ஆஸ்பத்திரியில் நீ மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாய் என்பதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. அதைப் பற்றி எழுது. எப்போது முடிகிறதோ அப்போது.

அந்த வாரம் நான் ஒன்றும் வரையவில்லை. நாளிதழில் பழைய எலிவாலையே திரும்பப் போட்டார்கள், யாரும் கண்டுபிடிக்கவில்லை. பிறகு ஒரு நாள் எங்கள் வீட்டுத் தட்டையும் கரண்டியையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன். எலிவாலின் அம்மா பேச வேண்டாம், தட்டட்டும் என்றேன். ஒரு தட்டு தட்டிக் காட்டினேன். பாத்திரம் கைதவறி விழுந்த மாதிரி இருந்தது. ஆனால் டைரக்டர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை தட்டுங்க சார்" என்றாள். கதவுச் சத்தம், மழைச் சத்தம், நடைச் சத்தம் எல்லாம் செய்கிறவர் ஒருவர் இருக்கிறார். சத்தக்காரர் என்று கூப்பிடுவோம். அவர், "இது தட்டத் தெரிஞ்சவங்க தட்டினாத்தான் பேச்சாகும்" என்றார்.

எனக்குத் தட்டத் தெரியாது. தட்டத் தெரிந்தவள் ஒருத்திதான். அம்மாவைக் கேள். நாலு கட்டமாகப் போடமாட்டேன், அவள் சம்மதம் இல்லாமல் ஒரு சத்தம்கூட எடுக்கமாட்டேன் என்று சொல். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். பேசாமல் இருக்கிற உரிமை அவளுக்கு உண்டு.

அவள் சாப்பிடுகிறாளா என்று கேள். நான் கேட்டதாகவே சொல்.

அண்ணன்


மே 12

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நலம். இந்தத் தடவை அதில் மறைவாக எதுவும் இல்லை.

அம்மா எனக்குத் தெரியாமல் உனக்கு எழுதிவிட்டாள் என்று தெரிந்ததும் ஒரு நாள் முழுக்க அவளோடு பேசாமல் இருந்தேன். அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்டாய். முந்தின நாள் அம்மா ஓயாமல் பேசினாள். நர்ஸைத் திட்டினாள், டாக்டரின் கையெழுத்தைத் திட்டினாள், என் செருப்பை, உன் மீசையை, யாரையும் விடவில்லை. கடைசியாகச் சொன்னது ஏதாவது பெரிய வார்த்தையாக இருக்கும் என்று நினைப்பாய். 'போர்வையை மடிச்சு வை.' அவ்வளவுதான். நான் மடித்து வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன். பக்கத்து அறையில் இருக்கும் என்னைச் சிலேட்டால் எப்படிக் கூப்பிடுவது? ஒரு நாள் காலையில் எவர்சில்வர் தட்டில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. பதறி ஓடினேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து, சோதனை வெற்றி என்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன் வேண்டுகோளைப் படித்துக் காட்டினேன். சிலேட்டைக் கேட்டாள். அவள் எழுதியதை வரிசையாகத் தருகிறேன்.

'மாமா கதையில வரக் கூடாது.'

'என்னைப் பாத்து யாரும் அழக் கூடாது.'

'எலிவாலோட அம்மா ஏன் பேசலன்னு விளக்கம் குடுக்கக் கூடாது. அவ ஏன் கட்டத்துக்கு வெளியில நிக்கிறான்னு இருபது வருஷமா யாருக்காவது விளக்கம் குடுத்தானா?'

இவற்றுக்கு ஒத்துக்கொண்டால் தட்டுவாளாம். நீ ஒத்துக்கொள்வாய் என்று நானே முடிவு செய்து பதிவும் செய்துவிட்டேன். அடுக்களையில் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தட்டினாள். ஒரு தட்டு என்றால் 'வா'. அடுத்தடுத்து இரண்டு என்றால் 'கதவைப் பார்'. ஒன்று தட்டி, அது அடங்கும்வரை விட்டுவிட்டு மெதுவாக இன்னொன்று என்றால் 'சாப்பிட்டியா'. தட்டின் விளிம்பில் கரண்டியை உரசினால் கோபம். உரசல் நீண்டால் நான் என் அறைக்குப் போய்விடுவது நல்லது.

நடுவில் நான் தும்மிவிட்டேன். விளிம்பில் ஓர் உரசல் விழுந்தது. அதை அழிக்க வேண்டாம் என்று சத்தக்காரரிடம் சொல். மிகவும் இயல்பாக வந்திருக்கிறது.

பிள்ளைகளுக்கு இது புரியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஆனால் தேனைவிட மேல்.

சாப்பிடுகிறாள். நீ கேட்டதாகச் சொன்னேன். இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டாள்.

அன்புடன்,
சந்தேகம்


ஜூலை 2

அன்புள்ள சந்தேகம்,

நாங்கள் இருவரும் சுகமே. அம்மாவின் மூன்று நிபந்தனைகளையும் டைரக்டர் தன் மேசைக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறாள். சேனல்காரர்கள் வந்தால் முதலில் அதைப் படித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

ஒரு கூத்து நடந்தது. ஒவ்வொரு காட்சியையும் முதலில் சின்னச் சின்னப் படமாக வரைந்து ஓரத்தில் குறிப்பு எழுதுவோம். எலிவாலும் கொசுவும் சண்டை போடுகிற காட்சிக்கு ஓரத்தில் நான் 'அம்மா தட்டு' என்று எழுதியிருந்தேன். அம்மா தட்டுகிற சத்தம் என்று அர்த்தம். அதை வரைய வேண்டிய பையன் புதியவன். அம்மாவின் தட்டு என்று படித்திருக்கிறான். கட்டத்தின் வலது ஓரத்தில் ஒரு தட்டின் விளிம்பை, பிறை மாதிரி, பளபளவென்று வரைந்து வைத்துவிட்டான். கை இல்லை, முகம் இல்லை. விளிம்பு மட்டும் உள்ளே எட்டிப் பார்க்கிறது.

எல்லோரும் சிரித்தோம். அவன் முகம் சுருங்கி அழிக்கப் போனான். சத்தக்காரர், "இருப்பா" என்று சொல்லி, படத்தோடு அம்மாவின் தட்டலைச் சேர்த்துப் போட்டார். தட்டல் விழுந்ததும் விளிம்பு லேசாக அதிர்ந்தது. சண்டை போட்ட இரண்டு பேரும் நின்றார்கள். அறையில் சிரித்துக்கொண்டிருந்தவர்களும் நின்றார்கள். என் பேச்சுப் பலூன் நுழைகிற அதே இடத்தில், அதே உயரத்தில் அது இருந்தது. இருபது வருஷமாக நான் வரையத் தெரியாமல் விட்டதை அந்தப் பையன் தப்பாகப் படித்து வரைந்துவிட்டான்.

சேனல்காரர் ஒருவர், "அந்தம்மா ஏன் பேசல?" என்று கேட்டார். டைரக்டர், "பேசுறாங்களே சார்" என்றாள். அவர் மறுபடி கேட்கவில்லை. ஆனால் நிபந்தனை போட்டுவிட்டார்கள். முதல் மாதம் இப்படியே போகும். பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று தெரிந்தால் முகமும் தேன் குரலும் வந்துவிடும். செப்டம்பர் முதல் வாரம் ஒளிபரப்பு.

அம்மா தட்டினால் எலிவால் பதிலுக்குத் தன் தட்டில் ஸ்பூனால் மூன்று முறை தட்டுவாள். 'வர்றேன், வர்றேன், வர்றேன்'. அதை மட்டும் நான் தட்டினேன். சத்தக்காரர் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார். எனக்கு ஆசையாக இருந்தது.

அம்மாவுக்குப் பார்க்க விருப்பம் இருந்தால் டிவியைப் போட்டுவிடு. இல்லாவிட்டால், மேசையில் பேப்பர் கிடப்பதுபோல் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கட்டும்.

உன் அண்ணன்


செப்டம்பர் 11

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நலம். அண்ணிக்கு எங்கள் அன்பு. 'எங்கள்' என்பதை அம்மா பார்த்துவிட்டுத் திருத்தவில்லை.

முதல் நாள் டிவியை நான் போடவில்லை. அம்மாவே போட்டாள். கையைக் கட்டிக்கொண்டு, விருந்துக்குப் போன வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். பல் தேய்ப்பதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த மட்டில் நான் சொன்னது தவறு. தட்டின் விளிம்பு உள்ளே வந்ததும் அம்மா கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டாள், யாரோ தன்னைப் பார்ப்பதுபோல. கொசு சோற்றைச் சிந்தியதற்கு ஓர் உரசல் கேட்டதே, அது என் தும்மலுக்குக் கிடைத்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கும் வந்தது. அவளுக்குச் சிரிப்பில் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும்.

ஒரு வீட்டை வைத்துக்கொண்டு நாட்டைப் பற்றி முடிவு சொல்லக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறவள் நான். ஆகவே நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். முடிவை நீயும் சேனலும் செய்துகொள்ளுங்கள்.

நேற்றுச் சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா அடுக்களையிலிருந்து ஒரு தட்டு தட்டினாள். நான் எழுந்திருப்பதற்குள் மேலேயிருந்து மூன்று தட்டு கேட்டது. மேல் வீட்டுக்கு ஒரு குடும்பம் புதிதாக வந்திருக்கிறது. முன்பல் விழுந்த பெண் ஒருத்தி உண்டு. படியில் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வாள். நான் அடுக்களை வாசலுக்கு வந்தேன். அம்மா கரண்டியைத் தூக்கிய கையோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்தேகம் தீர வேண்டுமே, அம்மாவுக்கும் எனக்கு இருக்கிற நோய்தான். மறுபடி ஒரு தட்டு. மேலே மூன்று. அம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஒன்று தட்டி, அது அடங்கும்வரை விட்டுவிட்டு, மெதுவாக இன்னொன்று தட்டினாள். 'சாப்பிட்டியா.' மேலே சத்தமே இல்லை. இது தொடரில் ஒரே ஒரு முறைதான் வந்தது, பிள்ளைக்கு எங்கே தெரியும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அப்போது படியில் தடதடவென்று கால் சத்தம். கதவைத் திறந்தால் அந்தப் பெண். கையில் தட்டும் ஸ்பூனும். என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னும் இல்ல. அம்மா ஆபீஸ்லேர்ந்து வர நேரமாகும்" என்றாள். பதில் எனக்கு அல்ல.

ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தவிர அம்மா கிட்டத்தட்ட ஒரு வருஷமாக வாசலைத் தாண்டியதில்லை. உனக்கு நான் எழுதாத இன்னொன்று அது. கழுத்தை யாராவது பார்ப்பார்கள், ஏதாவது கேட்பார்கள், பதில் சொல்ல முடியாது என்பது அவள் எண்ணம். நேற்று அந்தப் பெண்ணின் தட்டை வாங்கிச் சோறு போட்டாள். சிலேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவளை முன்னே விட்டுப் பின்னாலேயே படியேறிப் போய்விட்டாள். மேல் வீட்டுக் கதவு திறந்தது, மூடியது. நான் கீழே நின்றுகொண்டிருந்தேன். மேலே ரொம்ப நேரம் தட்டல் கேட்டுக்கொண்டிருந்தது. பாதி எனக்கே புரியவில்லை. புதிதாக ஏதோ பேசிக்கொண்டார்கள் போலிருக்கிறது.

அம்மா இறங்கி வந்தபோது முகம் சிவந்திருந்தது. மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் சிலேட்டைத் துடைத்து எழுதினாள். அப்படியே தருகிறேன்:

'அந்தப் பொண்ணு வர்றேன்னு தட்டுறப்ப மூணாவது தட்டை இழுக்குது. ஏன்னு எழுதிக் கேட்டேன். எலிவால் அப்படித்தான் தட்டுறாளாம். இவன் தப்பாத் தட்டி வெச்சிருக்கான். ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் அதையே கத்துக்கிட்டு நிக்குதுங்க. நேர்ல வந்து ஒழுங்காக் கத்துக்கச் சொல்லு.'

"அவன்கூடப் பேசுறதில்லன்னு சொன்னியேம்மா" என்று கேட்டேன். எழுதியதற்கு அடியில் கொஞ்சம்தான் இடம் இருந்தது. எழுத்தைச் சுருக்கி எழுதினாள்.

'பேசல. கத்துக் குடுக்கப் போறேன்.'

என்றைக்கு வருகிறீர்கள் என்று எழுது. மெத்தையைத் தட்டிப் போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
சந்தேகம்